அம்மா அப்பாவோட ஒரு நாள் லெய்டன், ரயில்ல போய்ட்டு வர ஐடியா சொல்லுங்க (செப்பேடு பாக்க முடியுமா?)

டெல்டாகாரன்
2023 ஜூலை 11, இரவு 10.40

வணக்கம் மக்களே. நான் நெதர்லாந்துல ஆம்ஸ்டெல்வீன்ல இருக்கேன், ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்து மூணு வாரம் ஆச்சு. ஆம்ஸ்டர்டாம் சுத்தியாச்சு, காத்தாலை பாத்தாச்சு, படகுல போயாச்சு, டூலிப் சீசன்தான் இவங்க வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. அப்பா ரிட்டயர்ட் தமிழ் வாத்தியார், கீவளூர் பக்கம். ஸ்கிபோல் ஏர்போர்ட்ல எறங்கி கார்ல ஏறினதுமே கேட்ட மொத கேள்வி "லெய்டன் இங்கேர்ந்து எவ்ளோ தூரம்டா?". நம்ம ஊர் ஆனைமங்கலத்த ராஜராஜ சோழன் தானமா குடுத்தத வெட்டி வெச்ச செப்பேடு அங்கதான் இருக்குன்னு நாப்பது வருஷமா பசங்களுக்கு பாடம் எடுத்தவரு, பக்கத்துல வந்துட்டு பாக்காம போனா எப்படின்னு தினமும் ஒரு தடவ.

22ந்தேதி சனிக்கிழமை போலாம்னு இருக்கேன். அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏறுனா கஷ்டம், சைவம் வேற. என் கேள்வி மூணு. ரயில்ல போறது சுலபமா இல்ல கார் எடுத்துக்கவா? ஒரு நாள்ல என்னெல்லாம் பாக்கலாம்? செப்பேட்ட சாதாரண ஆளுக்கு காட்டுவாங்களா?

ரயில்பைத்தியம்
ஜூலை 11, இரவு 11.15

கார் வேணாம் ப்ரோ, லெய்டன் உள்ள கால்வாய் சந்துல பார்க்கிங் தேடியே பாதி நாள் போய்டும். ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல்லேர்ந்து இன்டர்சிட்டில 35 நிமிஷம் வாக்குல, நீங்க இருக்கற எடத்துக்கு ஆம்ஸ்டர்டாம் ஸாய்ட் ஸ்டேஷன் கிட்ட, அங்கேர்ந்து ஸ்கிபோல் வழியா இன்னும் சீக்கிரம். சென்ட்ரல்லேர்ந்து போனா ஹார்லெம் வழியாவும் ரயில் இருக்கு, ஒரு வழில போய் இன்னொரு வழில வாங்க. அந்த ஹார்லெம் லைன் சும்மா இல்ல, இந்த நாட்டோட மொத ரயிலே 1839ல ஆம்ஸ்டர்டாம் டு ஹார்லெம்தான், 1842ல அத லெய்டன் வரைக்கும் இழுத்தாங்க. இத யாரும் கேக்கலைன்னு எனக்கு தெரியும், சொல்லாம இருக்க முடியல.

டிக்கெட்: இப்போ பேங்க் கார்டையே கேட்ல தட்டிட்டு போலாம். ஆனா ஒரு ஆளுக்கு ஒரு கார்டு, உங்க ஒரே கார்ட மூணு பேருக்கும் தட்ட முடியாது. அதவிட நல்லது, உங்ககிட்ட கூட்டம் கொறஞ்ச நேர 40% தள்ளுபடி சந்தா இருந்தா உங்ககூட வர்ற மூணு பேர் வரைக்கும் அதே 40% கழிவுல டிக்கெட் எடுக்கலாம். சனி ஞாயிறு முழுசும் கூட்டம் கொறஞ்ச நேரம்தான்.

முக்கியமா கார்ட தட்டி ஏறுனா எறங்கும்போதும் தட்டணும். மறந்தா 20 யூரோ போச்சு. அப்பறம் கிளம்பறதுக்கு முன்னாடி நாள் ராத்திரி ஆப்ல ஒரு தடவ பாத்துடுங்க, வார இறுதில தண்டவாள வேலைன்னு பஸ்ல ஏத்தி விடறது இங்க சகஜம்.

நாலுமணிகாபி
ஜூலை 12, காலை 8.05

நான் லெய்டன்ல நாலு வருஷமா இருக்கேன் (பிஎச்டி, எப்போ முடியும்னு யாரும் கேக்காதீங்க). அண்ணா, மொதல்ல ஒண்ணு. ஸ்டேஷன்ல ரெண்டு பக்கம் வாசல் இருக்கு. ஊர் ஒரு பக்கம், பெரிய ஆஸ்பத்திரி இன்னொரு பக்கம். தப்பான பக்கம் எறங்கிட்டு "எங்க கால்வாயக் காணோம்"னு நிக்கறவங்கள வாரா வாரம் பாக்கறேன். ஊர் பக்கம் வெளில வந்தா கொஞ்ச தூரத்துலயே டி வால்க் காத்தாலை தெரியும், 1743ல கட்டினது, உள்ள மியூசியம். உள்ள எல்லாம் ஏணி மாதிரி செங்குத்து படி, அம்மாவ ஏத்தாதீங்க, வெளில நின்னு போட்டோ போதும்.

சனிக்கிழமை வர்றது நல்லது, நியூவ ரைன் கால்வாய் ஓரமா சந்தை நடக்கும் (புதன்லயும் உண்டு). சீஸ், பழம், சுடச்சுட ஸ்ட்ரூப்வாஃபல். மீன் வறுவல் வாசனைய அம்மா தாங்கிப்பாங்கன்னா சரி. அங்கேர்ந்து பீட்டர்ஸ்கெர்க் சர்ச், அப்படியே ராபன்பர்க் கால்வாய். ராபன்பர்க்லதான் யுனிவர்சிட்டியோட பழைய கட்டடம், கன்னியாஸ்திரி மடத்தோட சேப்பலா இருந்தத 1581லேர்ந்து யுனிவர்சிட்டி வெச்சிருக்கு. அதுக்குள்ள "வேர்வை ரூம்"னு ஒரு குட்டி அறை, பரீட்சை ரிசல்ட்டுக்கு பசங்க வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்கற எடம். பாஸ் ஆனவன் செவுத்துல கையெழுத்து போடலாம். செவுத்துல எடமே இல்ல. சர்ச்சில், மண்டேலா கையெழுத்து கூட இருக்கு, அவங்களுக்கு கௌரவ டாக்டர் பட்டம்ங்கறதால வேர்த்திருக்காது. நான் என் பேர எங்க போடறதுன்னு இப்பவே எடம் பாத்து வெச்சிருக்கேன்.

அதுக்கு பின்னாடியே ஹோர்ட்டஸ், தாவரத் தோட்டம், 1590. அம்மாவ அங்க உக்கார வெச்சா ரெண்டு மணி நேரம் போறது தெரியாது, சமதரை, பெஞ்ச் நிறைய. கண்ணாடி வீட்டுக்குள்ள நம்மூர் வெக்கை அடிக்கும், தாம்பாளம் சைஸ் எலையோட விக்டோரியா அல்லி இருக்கும்.

கல்வெட்டுப்பித்தன்
ஜூலை 12, பகல் 1.30

செப்பேடு பத்தி யாரும் பதில் சொல்லலையே, நான் சொல்றேன். அது மியூசியத்துல கண்ணாடி பெட்டில வெச்சு டிக்கெட் போட்டு காட்டற பொருள் இல்ல. யுனிவர்சிட்டி லைப்ரரி, விட்ட சிங்கல் ரோட்டுல இருக்கு, அதோட சிறப்பு சேகரிப்புல ஓலைச்சுவடி கையெழுத்துப்படியோட சேத்து வெச்சிருக்காங்க. அங்க செப்பேடு ரெண்டு இருக்கு, பெரிய செப்பேட்டுக்கு எண் 1687, சின்னதுக்கு 1688, ஆண்டுன்னு நெனச்சுக்காதீங்க, வெறும் அட்டவணை எண். முன்கூட்டியே மெயில் போட்டு, எதுக்கு பாக்கணும்னு காரணம் எழுதி கேளுங்க, பத்து நாள்ல நடக்குமாங்கறது அவங்க கைல.

தெரியாதவங்களுக்காக: பெரிய லெய்டன் செப்பேட்டுல 21 ஏடு, 5 சமஸ்கிருதம், 16 தமிழ். ஒரே வளையத்துல கோத்து ராஜேந்திர சோழன் முத்திரை போட்டது, மொத்தம் கிட்டத்தட்ட 30 கிலோ. ஸ்ரீவிஜய (இப்போ இந்தோனேசியா, மலேசியா பக்கம்) அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்க வர்மன் அவனோட அப்பா பேர்ல நாகப்பட்டினத்துல கட்டின சூளாமணி வர்ம விகாரத்துக்கு, அதாவது புத்த விகாரத்துக்கு, ராஜராஜன் அவனோட 21வது ஆட்சியாண்டுல ஆனைமங்கலம்ங்கற ஊரையே கொடுத்தான். சைவன், தஞ்சாவூர்ல பெரிய கோயில் கட்டிக்கிட்டிருக்கற அதே சமயத்துல கடல் தாண்டி இருக்கற ராஜா கட்டின புத்த பள்ளிக்கு நெலம் குடுக்கறான். அப்பா வாய்ல சொன்னத அழியாம இருக்கணும்னு மகன் செம்புல வெட்டி வெச்சான்.

எனக்கு அதுல புடிச்சது தமிழ் பகுதிதான். சமஸ்கிருதத்துல வம்சப் பெருமை. தமிழ்ல கணக்கு. 97 வேலி சொச்சம் நெலம், 8900 கலத்துக்கு மேல நெல்லு, கெழக்கு எல்லை எது, மேற்க எந்த வாய்க்கால், யார் நிலத்துக்கு தெக்க, நம்ம விஏஓ ஆபீஸ் பத்திரம் தோத்துடும். எல்லைய எப்படி குறிச்சாங்கன்னா ஒரு பெண் யானைய ஊரச் சுத்தி நடக்க விட்டு, அது போன வழில கல்லும் கள்ளியும் நட்டாங்க. "பிடி சூழ்ந்து"ன்னு வரும். உங்க அப்பாவுக்கு இது மனப்பாடமா இருக்கும்.

டெல்டாகாரன்
ஜூலை 12, இரவு 9.20

பித்தன் சார், படிச்சு காமிச்சேன். "பிடி சூழ்ந்து பிடாகை நடந்து"ன்னு நீங்க நிறுத்தின எடத்துலேர்ந்து அவரே சொல்லிட்டு போறாரு, அம்மா "சாப்ட்டுட்டு நடங்க"ன்னாங்க.

மெயில் இப்போதான் போட்டேன். மூணு வாரம் முன்னாடியே போட்டிருக்கணும், என் சோம்பேறித்தனம்.

சும்மாபாக்கறவன்
ஜூலை 12, இரவு 11.50

ஒரு கேள்வி, கோச்சுக்காதீங்க. நம்ம சொத்த நாமளே மெயில் போட்டு கெஞ்சி பாக்கணுமா? திருப்பி குடுன்னு கேக்க வேண்டியதுதானே. இன்னொரு பக்கம் யோசிச்சா, வந்தா மட்டும் என்ன பண்ணுவோம், ஏதாவது ஆபீஸ் பீரோல பூட்டி வெப்போம். அந்த விகாரத்த என்ன பண்ணோம்? 1867ல நாமளே இடிச்சுட்டோம்.

கல்வெட்டுப்பித்தன்
ஜூலை 13, காலை 6.45

"நாமளே" இல்ல தம்பி. நாகப்பட்டினத்துல மிச்சம் இருந்தது ஒரு செங்கல் கோபுரம், கடல்லேர்ந்து வர்ற கப்பலுக்கு அடையாளமா இருந்தது. அத இடிச்சது அங்க எடம் வாங்கின ஏசு சபை பாதிரிங்க, அனுமதி குடுத்தது வெள்ளக்கார அரசாங்கம். ஆனா அந்த மண்ணுல 1856லேர்ந்து தோண்ட தோண்ட புத்தர் வெண்கலம் முந்நூறுக்கு மேல கெடச்சுது. அத சென்னை மியூசியத்துலயும் இன்னும் பல ஊர்லயும் பத்திரமாத்தான் வெச்சிருக்காங்க. வெச்சுக்கத் தெரியாதவங்கன்னு நம்மளப் பத்தி நாமளே பேசறத மொதல்ல நிறுத்தலாம்.

வடமராட்சியான்
ஜூலை 13, மாலை 5.10

நான் 91ல அகதியா வந்தனான், முப்பது வருசத்துக்கு மேல இஞ்சதான் இருக்கிறன். தம்பி சும்மாபாக்கறவன், திருப்பித் தாறது நடக்காத விசயமில்ல, போன கிழமைதான் செய்தியில வந்தது பாக்கேல்லையோ? டச்சு அரசாங்கம் 478 பொருளைத் திருப்பிக் குடுக்கிறம் எண்டு அறிவிச்சது, பெரும்பங்கு இந்தோனேசியாவுக்கு, ஆறு இலங்கைக்கு. அந்த ஆறில ஒண்டு 1765ல கண்டியில கொள்ளையடிச்ச பீரங்கி, ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில கிடந்தது. இந்தோனேசியாவுக்குக் கையளிச்ச நிகழ்ச்சி எங்க நடந்தது தெரியுமோ, இதே லெய்டனிலதான், திங்கட்கிழமை, இனவியல் மியூசியத்தில. டெல்டாத் தம்பி, நீங்கள் ஸ்டேசனில இருந்து ஊருக்குள்ள நடந்து போற வழிக்குப் பக்கத்திலதான் அது.

நாகப்பட்டினத்தை டச்சுக்காரர் போர்த்துக்கீசரிட்ட இருந்து பிடிச்சது 1658. யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்சதும் அதே வருசம்தான், ஒரு மாசம் முன்ன பின்ன. ரெண்டு பேரும் ஒரே ஆளிட்டத்தான் அடி வாங்கினனாங்கள்.

தோட்டத்துக்குப் போனால் ஒரு விசயம் கவனியுங்கோ. பவுல் ஹெர்மன் எண்டு ஒருத்தர், டச்சுக் கம்பனி வைத்தியரா இலங்கையில இருந்து செடி கொடியெல்லாம் சேர்த்தவர், பிறகு வந்து லெய்டனில பேராசிரியராகி இந்தத் தோட்டத்தையும் பாத்தவர். அவர் சேர்த்த காய்ஞ்ச இலைகளை வச்சுத்தான் லின்னேயஸ் எண்ட தாவர அறிஞர் 1747ல இலங்கைத் தாவரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினது. இலங்கைக்கு ஒருக்காலும் போகாமல். எங்கட அம்மா முத்தத்தில கிடந்த குப்பைமேனிக்குக் கூட இவையள்தான் லத்தீன் பேர் வச்சவை.

சும்மாபாக்கறவன்
ஜூலை 13, இரவு 10.02

கண்டி பீரங்கி கொள்ளையடிச்சது, சரி. செப்பேடு கொள்ளைன்னு சொல்ல முடியுமா? யாராவது வித்திருக்கலாம்ல, யாராவது குடுத்திருக்கலாம்ல.

கல்வெட்டுப்பித்தன்
ஜூலை 14, காலை 7.00

1658லேர்ந்து 1781 வரைக்கும் நாகப்பட்டினம் டச்சுக் கம்பெனி கைல. துறைமுகம், கோட்டை, வரி, நீதி எல்லாம் அவங்களோடது. அந்த நெலமைல ஒருத்தன் "வித்தான்"னு சொன்னாலும் அது என்ன வியாபாரம்? அதே லெய்டன்ல தொல்பொருள் மியூசியத்துக்குள்ள டஃபேன்னு ஒரு எகிப்து கோயிலையே கல்லு கல்லா கொண்டு வந்து நிறுத்தி வெச்சிருக்காங்க. அது 1969ல எகிப்து அரசாங்கம் பரிசா குடுத்தது, அஸ்வான் அணை தண்ணில முழுக இருந்த கோயில்கள காப்பாத்த இவங்க உதவி பண்ணதுக்கு நன்றியா. குடுத்தவன் யாரு, எதுக்கு குடுத்தான்னு எழுத்து இருக்கு. செப்பேட்டுக்கு அப்படி நம்ம பக்கத்து எழுத்த காட்டச் சொல்லுங்க. நெலத்துக்கு பத்திரம் எழுதினவன், அந்த பத்திரத்த குடுத்ததுக்கு பத்திரம் எழுதலையே.

நாலுமணிகாபி
ஜூலை 14, காலை 9.30

எனக்கு ரெண்டு மனசு. திரும்பி போகணும்தான். ஆனா இங்கேயே இருந்ததாலதான் ஆசியா படிக்க வர்ற வெளிநாட்டு பசங்க சோழர்னு ஒரு பேர தெரிஞ்சுக்கறாங்க. என் ரூம்மேட் இந்தோனேசியா பொண்ணு, அவளுக்கு இது அவங்க ஊர் சரித்திரம். ஸ்ரீவிஜயத்தப் பத்தி அவங்க மண்ணுலயே எழுத்து ரொம்ப கம்மி, அவங்க ராஜா பேர் வர்றதே நம்ம ஊர் செம்புலன்னு சொல்லுவா. நீங்க சண்ட போடற பொருள் எங்களுக்கும் பாதி சொந்தம்னு சிரிப்பா.

கல்வெட்டுப்பித்தன்
ஜூலை 14, காலை 11.15

அந்த பொண்ணு சொல்றது நியாயம். இன்னும் ஒண்ணு சொல்லுங்க அவகிட்ட. ராஜராஜன் குடுத்து இருபது வருஷம் கூட ஆகல, 1025 வாக்குல அதே ராஜேந்திரன், செம்புல முத்திரை போட்டவன், கப்பல் படைய அனுப்பி அதே ஸ்ரீவிஜய அரசனோட கடாரத்த அடிச்சான். அப்பறம் அறுபது எழுபது வருஷம் கழிச்சு முதலாம் குலோத்துங்கன் காலத்துல கடாரத்து அரசனோட தூதர்கள் வந்து கேட்க, விகாரத்து ஊர்களுக்கு வரி நீக்கி மறுபடி செப்பேடு. அதுதான் 3 ஏடு இருக்கற சின்ன லெய்டன் செப்பேடு. நட்பு, சண்ட, மறுபடி நட்பு. பங்காளி வீட்டு கதை.

ரயில்பைத்தியம்
ஜூலை 14, பகல் 12.40

இழை எங்கயோ போய்டுச்சு, நான் மறுபடி தண்டவாளத்துக்கு வரேன். டெல்டா ப்ரோ, மாடி ரயில் வந்தா மேல் தளத்துல உக்காருங்க, ஆனா அம்மா முட்டிக்கு கீழ் தளம். ஹார்லெம் வழில வசந்தத்துல வந்தா ஹில்லகோம் பக்கம் டூலிப் வயல் ஜன்னல்லயே தெரியும், இப்போ வெறும் பச்சை. அப்பறம் கண்ணாடில "ஸ்டில்ட"ன்னு எழுதிருந்தா அது பேசக்கூடாத பெட்டி, மாறி உக்காருங்க.

டூலிப்னு சொன்னதும் ஞாபகம் வருது, இந்த நாட்டுக்கே டூலிப் கிறுக்கு புடிக்க காரணம் அந்த லெய்டன் தோட்டம்தான். குளுசியுஸ்ங்கற தாவர அறிஞர் 1593ல வந்து அங்க கிழங்கு நட்டாரு.

கொங்குகாபி
ஜூலை 15, காலை 10.20

ஏனுங், பிசிக்ஸ் பத்தி ஒருத்தரும் பேச மாட்டீங்களா? நான் கோயமுத்தூர்ல பிசிக்ஸ் படிச்சவனுங்க, லெய்டன்னா எனக்கு கேமர்லிங் ஓன்னஸ்ங்கற விஞ்ஞானிதான். 1908 ஜூலை 10, ஹீலியத்த மொதமொதல்ல திரவமாக்குனது அந்த ஊர்லதான், மைனஸ் 269 டிகிரி. அப்ப உலகத்துலயே ரொம்ப குளிரான எடம் லெய்டன்தானுங்க. அதே லேப்ல 1911ல பாதரசத்த குளிர வெச்சு பாத்தா கரன்ட்டுக்கு தடையே இல்லாம போயிருச்சு, சூப்பர் கண்டக்டிவிட்டி. இன்னிக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கறமுங்களே, அந்த காந்தம் அதுலதான் ஓடுது, திரவ ஹீலியத்துல முக்கி. அம்மாவுக்கு முட்டிக்கு எம்ஆர்ஐ எடுத்திருந்தா அந்த கட்டடத்து முன்னாடி ஒரு கும்பிடு போடச் சொல்லுங்க. இப்ப அது சட்டக் கல்லூரிங்க.

எதிர்ல ஒரு பார்க்கு இருக்கும். அது பார்க்கா ஆனதே ஒரு விபத்துல. 1807 ஜனவரில வெடிமருந்து ஏத்துன கப்பல கால்வாய்ல கட்டி வெச்சு, அது வெடிச்சு நூத்தம்பது பேர் கிட்ட செத்து, தெருவே போயிருச்சு. அந்த காலி எடந்தானுங்க.

வடமராட்சியான்
ஜூலை 15, மாலை 6.00

ஒக்டோபர் 3 அண்டைக்கு மட்டும் லெய்டனுக்குப் போகாதேங்கோ, கால் வைக்க இடமிராது. 1574ல ஸ்பானியர் முற்றுகை போட்டு ஊரே பட்டினி. அணைக்கட்டை உடைச்சு வயலுக்குள்ள தண்ணியை விட்டு, அந்தத் தண்ணியிலயே படகில வந்து ஊரைக் காப்பாத்தினவை. வந்தவை கொண்டு வந்தது ஹேரிங் மீனும் வெள்ளைப் பாணும், இண்டைக்கும் அந்த நாளில அதைத்தான் ஊருக்கு இலவசமாக் குடுக்கிறவை. அடுத்த வருசம் 1575ல ஒறேஞ் இளவரசர் யுனிவர்சிட்டி தந்தவர். வரிவிலக்கு வேணுமோ யுனிவர்சிட்டி வேணுமோ எண்டு கேட்க, சனம் யுனிவர்சிட்டி எண்டதாக் கதை. கதைதான். பட்டினி கிடந்த சனம் அப்பிடிச் சொல்லியிருக்குமோ எண்டு எனக்கு எப்பவும் சந்தேகம்.

ஓடிப்போன ஸ்பானியர் விட்டிட்டுப் போன சட்டியில கிடந்த சாப்பாடுதான் ஹுட்ஸ்பொட் எண்டும் சொல்லுவினம். கரட், வெங்காயம், உருளைக்கிழங்கு அவிச்சு மசிக்கிறது. அப்ப இஞ்ச உருளைக்கிழங்கே இல்லை, வேற கிழங்கு.

டெல்டாகாரன்
ஜூலை 23, காலை 11.30

போய்ட்டு வந்தாச்சு. எல்லாருக்கும் நன்றி, விவரமா எழுதறேன்.

அம்மா காலைல அஞ்சு மணிக்கே எழுந்து புளியோதரை, தயிர்சாதம், உருளை ரோஸ்ட் கட்டிட்டாங்க, வேளாங்கண்ணி போற மாதிரி. ஸாய்ட்ல ஏறினோம், கூட்டம் இல்ல. உக்காந்த ஒடனே அம்மா ஊர்ல சித்திக்கு வீடியோ கால் போட்டு "ரயிலு எப்படி வழுக்கிட்டு போவுது பாருடி"ன்னு போன ஜன்னல்ல காட்ட, சித்தி அங்கேர்ந்து கத்த, எதிர்ல ஒரு பாட்டி ஒண்ணும் பேசாம வெரல மட்டும் கண்ணாடிக்கு நீட்டுச்சு. ஸ்டில்ட. ரயில்பைத்தியம் சொல்லியும் நான் பாக்கல. அம்மா அது ஏதோ டிசைன்னு நெனச்சு பாட்டியப் பாத்து சிரிச்சு தலையாட்டினாங்க, பாட்டியும் சிரிச்சிடுச்சு. வேற பெட்டிக்கு மாறினோம்.

காபி தங்கச்சி, நீ சொல்லியும் ஆஸ்பத்திரி பக்கம்தான் எறங்கினோம். "முட்டி காட்டவா கூட்டிட்டு வந்த"ன்னு அம்மா.

சந்தை சூப்பர். அப்பா அங்க ஒரு மணி நேரம் காய் வெலைய ரூபாய்க்கு மாத்திக்கிட்டே நின்னாரு. அப்பறம் லேசா தூறல், ஹோர்ட்டஸ் போய்ட்டோம். கண்ணாடி வீட்டுக்குள்ள போனதும் அம்மா ஸ்வெட்டர கழட்டிட்டு "இப்பதான் மூச்சு விட முடியுது"ன்னாங்க. வெளில பெஞ்ச்ல புளியோதரை, ஒரு வாத்து பக்கத்துல வந்து நின்னுச்சு, அதுக்கும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட பாத்தாங்க, நான் தடுத்துட்டேன்.

செப்பேடு. மெயில் நான் போட்டதே கடைசி நேரம், 22ந்தேதிக்குள்ள ஒண்ணும் ஏற்பாடு ஆகல. அப்பாகிட்ட முன்னாடி நாளே சொல்லிட்டேன். ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு "கட்டடத்தையாவது பாத்துட்டு வருவோம்"னாரு. விட்ட சிங்கல் போனோம், பெருசா அரண்மனை மாதிரி இருக்கும்னு நெனச்சிருந்தாரு போல, அது சாதாரண ஆபீஸ் கட்டடம் மாதிரி இருக்கு. "இதுக்குள்ளயா இருக்கு ஆனைமங்கலம்?"னு கேட்டாரு. எதிர்ல கால்வாய் ஓரமா உக்காந்தோம். போன்ல எபிகிராஃபியா இண்டிகா (கல்வெட்டு, செப்பேடெல்லாம் அச்சுல போட்ட தொடர்) 22வது தொகுதி பிடிஎஃப் எறக்கி வெச்சிருக்காரு, அத பெருசு பண்ணி பண்ணி எல்லைப் பகுதிய படிச்சாரு, சத்தமா, கிளாஸ்ல படிக்கற மாதிரி. ஒவ்வொரு வாய்க்காலா, ஒவ்வொரு ஊரா. நடுவுல நிறுத்தி "இந்த ஊரு இப்பவும் இருக்குடா, நம்ம முருகையன் மாமா பொண்ணு குடுத்த ஊரு"ன்னாரு. அம்மா "அவங்க வீட்டுக்கு போய் எத்தன வருஷமாச்சு"ன்னு ஆரம்பிச்சு அந்த குடும்பத்து கதை முழுக்க வந்துடுச்சு. சைக்கிள்ல போறவங்க எல்லாம் திரும்பிப் பாத்துட்டு போனாங்க.

திரும்பி வரும்போது ஹார்லெம் வழி. அம்மா தூங்கிட்டாங்க. போகும்போது சேத்து தள்ளுபடி டிக்கெட் எடுத்த நான், வரும்போது அவசரத்துல மூணு பேரும் தனித்தனி கார்டு தட்டி ஏறினோம். சென்ட்ரல்ல எறங்கறப்ப அப்பா பக்கத்துல இருந்தவர் பின்னாடியே கேட்டத் தாண்டி வந்துட்டாரு, தட்டல. 20 யூரோ.

கல்வெட்டுப்பித்தன்
ஜூலை 23, பகல் 2.00

அப்பாவ ஒரு வேலை பண்ணச் சொல்லுங்க. அந்த எல்லைல வர்ற ஊர்ப் பேருங்கள ஒரு பேப்பர்ல எழுதி, எதெல்லாம் இன்னிக்கும் அதே பேர்ல இருக்கு, எது மாறிடுச்சு, எது காணாம போச்சுன்னு அவருக்கு தெரிஞ்சத எழுதி அனுப்பச் சொல்லுங்க. புத்தகத்துல கெடைக்காது அது. அந்த வட்டாரத்துல நடந்த காலு வேணும்.

டெல்டாகாரன்
ஜூலை 23, இரவு 8.45

சொன்னேன். ஒடனே நோட்டு கேட்டாரு, இங்க கோடு போட்ட நோட்டு கெடைக்கல, என் பொண்ணோட கட்டம் போட்ட கணக்கு நோட்டுல ஆரம்பிச்சிருக்காரு. மாமாவுக்கு ஃபோன் போட்டு எந்த வாய்க்கால் எங்க முடியுதுன்னு கேட்டுட்டு இருக்காரு, ஊர்ல இப்போ நடு ராத்திரி.

நாலுமணிகாபி
ஜூலை 23, இரவு 9.10

அண்ணா அடுத்த தடவ மூணு வாரம் முன்னாடி மெயில் போடுங்க, நான் கூட வரேன். எனக்கும் புளியோதரை.

பொட்டிகட்டியாச்சு
ஆகஸ்ட் 2, காலை 9.00

இந்த இழை ரொம்ப உபயோகமா இருந்துது. நாங்க அடுத்த வாரம் கைக்குழந்தையோட போறோம், தள்ளுவண்டி லெய்டன் தெருவுல ஓடுமா? அந்த 20 யூரோ திரும்ப கெடச்சுதா?

டெல்டாகாரன்
ஆகஸ்ட் 2, மாலை 6.30

ஓடும், ஆனா சில சந்துல கல்லு பாவின தரை, குழந்தை குலுங்கும், பெரிய சக்கரம் உள்ள வண்டியா எடுத்துக்கோங்க. ஸ்டேஷன்ல லிஃப்ட் இருக்கு. எறங்கும்போது வலது எடதுன்னு யோசிக்காதீங்க, காத்தாலை தெரியற பக்கம்.

20 யூரோ ஆன்லைன்ல எந்த ஸ்டேஷன்ல எறங்கினோம்னு எழுதி கேட்டேன், டிக்கெட் காசு போக மிச்சம் வந்துடுச்சு. அப்பாகிட்ட இன்னும் சொல்லல, சொன்னா அதையும் ரூபாய்க்கு மாத்துவாரு. அவரு 14வது பக்கத்துல இருக்காரு, கெழக்கு எல்லையே இன்னும் முடியல.